பின்னாடியும் பாருங்க பாஸ்!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, கால்குலேட்டர் எல்லாம் வேண்டாம்.

உங்ககிட்ட ஒரு பாய்மரப் படகு இருக்கு. நீளம் 4.2 மீட்டர். அதில் நடுவுல நட்டு, பாயைக் கட்டுவாங்களே ஒரு கம்பம், அந்தப் பாய்மரத்தோட நீளம் 6.3 மீட்டர். ரெண்டையும் ஒரே டிரெய்லர்ல ஏத்தி, ஒரு உயரமான எஸ்.யூ.வி. பின்னாடி மாட்டி ரோட்டுல இழுத்துட்டுப் போகணும். படகைவிடப் பாய்மரம் 2.1 மீட்டர் அதிகம். அந்த 2.1 மீட்டரை எந்தப் பக்கம் நீட்டுவீங்க? முன்னாடியா, பின்னாடியா?

பதிலை மனசுக்குள்ளேயே வெச்சுக்கங்க. கடைசியில திருத்துவோம். இதே கேள்விக்கு நான் ஒரு பதில் எழுதினேன். எழுதினது பேப்பர்ல இல்லை, ஒரகடம் ரோட்டுல!

'ஒரகடத்துல படகா? அங்கே கடல் எங்கே பாஸ் இருக்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அன்றைக்கு வழியில் பார்த்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் ரோட்டில் என்ன வேண்டுமானாலும் போகும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள், ஒரகடத்தில் 2010-லிருந்து ரெனோ-நிசான் ஆலையின் கார்கள், 2012-லிருந்து பாரத்பென்ஸ் லாரிகள், 2013-லிருந்து ராயல் என்ஃபீல்டு பைக்குகள். எட்டு கார்களை முதுகில் சுமந்துகொண்டு ஒரு டிரெய்லர் போனால் அந்த ஊர் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால், ஒரு வெள்ளைப் படகு போனால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடையைவிட்டே வெளியே வருவார்கள். நாங்கள் வந்ததற்குக் காரணம் ஒரு ஃபைபர் பட்டறை. பஸ்களுக்கு பம்பரும் முன்முகமும் செய்கிற இடம். அங்கே எங்கள் படகின் அடிவயிற்றில் இருந்த விரிசலை அழகாக ஒட்டிக் கொடுத்தார்கள்.

படகின் பேரைக் கேட்டால் சிரிப்பீர்கள். 420! 'ஃபோர் ட்வென்டி'யேதான். 1959-ல் பிரான்ஸில் வடிவமைத்த படகு. நீளம் 4.20 மீட்டர் என்பதால் அந்தப் பேர். ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது. வெறும் கூடு மட்டும் 80 கிலோ. ஐ.பி.சி. 420-ஆவது செக்‌ஷன், 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததோடு போய்விட்டது. ஆனாலும், எங்கள் படகைப் பார்த்து 'யாரை ஏமாத்தப் போறீங்க?' என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.

சென்னையில் பாய்மரப் படகு ஓட்டுகிறார்களா என்று கேட்காதீர்கள். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஆரம்பித்தது 1911-ல். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர்கள் நாலு பேர். சென்னையின் நேத்ரா குமணன், கே.சி.கணபதி, வருண் தக்கர், வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன். நாலுமே நம்ம தமிழ்நாடு! அதில் நேத்ரா, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பொடிசுகளுக்குப் படகைக் கழுவித் துடைத்து, தூக்கிக் கொடுத்து, அப்படியே நானும் கொஞ்சம் கற்றுக்கொள்கிற எடுபிடி நான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம், மெக்கானிக்கல். கணக்கு என்று வந்தால் 'கூப்பிடுடா அவனை' என்பார்கள். வினையே அங்கேதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முன்பெல்லாம் எங்கள் டிரெய்லரை இழுத்தது சீனியர் ஒருவருடைய பழைய கார். டிக்கி வைத்த சாதா கார். படகின் பின்விளிம்போடு பாய்மரத்தின் பின்முனையைச் சமமாக வைத்துக் கட்டுவோம். முன்னால் 2.1 மீட்டர் நீட்டும். படகின் மூக்குக்கும் காருக்கும் நடுவில் இடைவெளி 1 மீட்டர். மிச்சம் 1.1 மீட்டர் கம்பம், காரின் டிக்கிக்கு மேலே காற்றில் மிதந்தபடி வரும். டிக்கி ஒரு மீட்டர் உயரம், கம்பத்தைத் தாங்குகிற முன்பக்கக் கவட்டை ஒன்றரை மீட்டர் உயரம். இடிக்க வாய்ப்பே இல்லை. அந்த டிக்கி எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்துகொண்டிருந்தது என்பது அதை இழந்த பிறகுதான் தெரிந்தது.

சீனியர் காரை விற்றுவிட்டு எஸ்.யூ.வி. வாங்கினார். சும்மா கம்பீரமா இருக்கும், 1.8 மீட்டர் உயரம். அதற்கு டிக்கி கிடையாது. கூரை நேராகப் பின்னால் வந்து, கண்ணாடி செங்குத்தாக இறங்கும். பாய்மரத்துக்கு எதிரே ஒரு சுவர் எழுப்பியது மாதிரி!

'கவட்டையை உயர்த்தி, கம்பத்தைக் கூரைக்கு மேல கொண்டு போயிடலாமே' என்றார் பட்டறைக்காரர். நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். கூரைக்கும் கம்பத்துக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் போதுமா? தரை சமமாக இருந்தால் போதும். நம்ம ஊர் ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறதே! வண்டியின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்னால் டிரெய்லர் இன்னும் சமதளத்தில்தான் இருக்கும். ரெண்டும் கொக்கியில் மடிந்து ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஆகும். அப்போது கூரையும் கம்பமும் ஒன்றை ஒன்று நெருங்கும். 10 டிகிரி மடிந்தால், கொக்கியிலிருந்து 1.1 மீட்டர் முன்னால் இருக்கிற முனை சுமார் 19 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். டான் 10 போட்டுப் பாருங்கள். நாம் விட்டதோ 15. டமால்! புது வண்டியின் கூரையில் பள்ளம். மேம்பாலம் ஏற ஆரம்பிக்கிற இடத்திலும், பெட்ரோல் பங்க் வாசல் மேட்டிலும் இதே கதைதான்.

கணக்கைப் பேப்பரில் போட்டு சீனியரிடம் காட்டினேன். 'சூப்பர்டா! அப்போ என்ன பண்ணலாம்?'

'கம்பத்தைப் பின்னாடி தள்ளிடலாம் சார். முன்னாடி 60 சென்டிமீட்டர் மட்டும் நீட்டட்டும். வண்டிக்கும் முனைக்கும் 40 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். எந்த வளைவுலயும் வண்டி மேல படாது. மிச்சம் ஒன்றரை மீட்டர் பின்பக்கம் போகட்டும். முனையில சிவப்புத் துணி கட்டிடலாம்.'

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். என் முகத்தில் கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வாங்கியவன் களை. வண்டியின் கண்ணாடிக்கு ஆபத்தில்லை, கூரைக்கு ஆபத்தில்லை, பாய்மரத்துக்கும் ஆபத்தில்லை. வேறு என்ன வேண்டும்?

டிராஃபிக் குறையட்டும் என்று காத்திருந்து, ராத்திரி ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டீஸுக்கு ஒரு ரேஸ். ப்ளஸ் ஒன் படிக்கிற ரெண்டு பசங்க அந்தப் படகுக்காக ஒரு மாசமாகக் காத்திருந்தார்கள். எப்படியும் அன்று ராத்திரியே துறைமுகம் போய்ச் சேர்த்துவிட வேண்டும்.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டை ராத்திரியில் பார்த்திருக்கிறீர்களா? ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் அது வேறு உலகம். வரிசையாக கம்பெனி பஸ்கள். ஓரத்தில் ஓய்வெடுக்கிற கார் டிரெய்லர்கள். இதற்கு நடுவே, பஸ்ஸைத் தவறவிட்டவர்களும், பஸ் வசதி இல்லாத கான்ட்ராக்ட் பசங்களும் பைக்கில் பறப்பார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள். நம்ம வயசு, இல்லையென்றால் நம்மைவிட ரெண்டு மூணு வயசு கம்மி. ஒருவன் வேலைக்குப் போவான், இன்னொருவன் வேலை முடிந்து ரூமுக்குத் தூங்கப் போவான். ரெண்டு பேர் கண்ணிலும் தூக்கம் இருக்கும்.

வல்லம் தாண்டி ஒரு டீக்கடையைப் பார்த்ததும் சீனியர் வண்டியை ஓரம்கட்டி, மெதுவாக நிறுத்தினார். நான் இறங்கிப் பின்பக்கம் வந்தேன். வந்த அதே நொடியில் 'கிரீச்' என்று ஒரு சத்தம்.

ஒரு பைக். பின்சக்கரம் வழுக்கிக் கோணலாக நின்றிருந்தது. அதில் மெலிசாக ஒரு பையன். யூனிஃபார்ம் சட்டை, முன்னால் டேங்க் மேலே சாப்பாட்டுப் பை. அவன் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவில், ஒரு சாண் தூரத்தில், எங்கள் பாய்மரத்தின் முனை.

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. திட்டுவான், அடிப்பான் என்று நினைத்தேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டித் தொட்டுக்கூடப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். 'தெரியவே இல்லண்ணா.'

'சிவப்புத் துணி கட்டியிருக்கோமே தம்பி...'

'எங்கண்ணா?'

பார்த்தேன். துணி காற்றில் சுருண்டு கம்பத்தின் மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றாமல் இருந்தாலும் அந்த இருட்டில் சிவப்புத் துணி கறுப்பாகத்தான் தெரியும். அதற்கென்று சொந்தமாக வெளிச்சமா இருக்கிறது?

அவன் நின்ற இடத்துக்குப் போனேன். அவன் தலை உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது 6 மீட்டர் நீளக் கம்பம், யாருக்கும் தெரியும். நேர் பின்னாலிருந்து பார்த்தால்? வெறும் 6 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன வட்டம். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவது டிரெய்லரின் சிவப்பு விளக்கு. அது ஒன்றரை மீட்டர் தள்ளி, படகின் பின்விளிம்புக்குக் கீழே எரிகிறது. பைக்கில் வருகிறவன் அந்த விளக்கைப் பார்த்து 'வண்டி அங்கே இருக்கு' என்று தூரத்தைக் கணக்குப் போட்டு பிரேக் பிடிக்கிறான். அவன் கணக்கு சரி. நான்தான் அவனுக்குத் தெரியாமல் ஒன்றரை மீட்டரைத் திருடி வைத்திருந்தேன். 420 வேலை என்றால் இதுதானே!

இத்தனைக்கும் பேப்பர், பேனா வைத்துக் கணக்குப் போட்டவன் நான். முன்பக்கம் எல்லாக் கோணத்தையும் பார்த்தேன். அந்தப் பக்கம் இருந்தது எங்கள் வண்டி. பின்பக்கத்துக்கு ஒரு கணக்குகூடப் போடவில்லை. அங்கே வரப்போகிறவன் யாரென்றே எனக்குத் தெரியாதே!

பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். 'பன்ச்சுக்கு லேட்டாயிடும்ணா' என்று பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். பேர்கூடக் கேட்கவில்லை.

டீக்கடையில் ஒரு கார் டிரெய்லர் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, பாய்மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

'தம்பி, சரக்கு வண்டிக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா வண்டியை மாத்தணும். சரக்கை நீட்டக் கூடாது. இதோட யூ டர்ன் அடிச்சிருந்தீங்கன்னா, பக்கத்துல நிக்கறவனைச் சீவியிருக்கும்.'

அவர் எந்த காலேஜிலும் படித்தவர் இல்லை. ஆனால் சொன்னது சுத்தமான ஜியோமெட்ரி. ராத்திரியே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். டிரெய்லர் சக்கரத்திலிருந்து 3 மீட்டர் பின்னால் இருக்கிறது முனை. நடுச்சக்கரம் 3 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பிதாகரஸ் கணக்குப்படி முனை 4.24 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அதாவது, சக்கரத் தடத்தைவிட சுமார் 1.2 மீட்டர் வெளியே. படகில் பாதி அகலமான 80 சென்டிமீட்டரைக் கழித்தாலும், டிரெய்லரின் விளிம்பைத் தாண்டி 40 சென்டிமீட்டர் வெளியே வீசிக்கொண்டு போகும். ஓட்டுகிறவருக்கு சைடு மிரரில் படகுதான் தெரியும். முனை தெரியாது.

சட்டமும் அந்த டிரைவர் அண்ணன் சொன்னதையேதான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில், 93-ஆவது விதி. முன்பு சரக்கு வண்டிகளில் கம்பம் மாதிரியான பொருள் என்றால் 1 மீட்டர் வரை பின்னால் நீட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. லாரிக்குப் பின்னால் நீட்டிய இரும்புக் கம்பிகளில் மோதி எத்தனையோ உயிர்கள் போன பிறகு, 2014-ல் அந்தச் சலுகையை நீக்கினார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில், சரக்கு இப்படி வெளியே நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. சரக்கை இறக்குகிற செலவும் நம் தலையில்தான். சிவப்புத் துணி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். அந்த ஒன்றரை மீட்டருக்கு எந்தத் துணியும் லைசென்ஸ் தராது.

'அப்போ இப்ப என்ன அண்ணே பண்றது?'

'எங்க ஏத்துனீங்களோ அங்கேயே இறக்குங்க.'

பாய்மரத்தைக் கட்டவிழ்த்தோம். கனமே இல்லை, ரெண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கிவிடலாம். டீக்கடைக்குப் பின்னால் சுவர் ஓரமாகக் கிடத்தினோம். பட்டறைக்காரர் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாக போனில் சொன்னார். படகை மட்டும் இழுத்துக்கொண்டு சென்னை வந்தோம். பாய்மரம் இல்லாத பாய்மரப் படகு என்றால் வெறும் தொட்டிதான். வேண்டுமானால் அதில் தண்ணீர் பிடித்து வைக்கலாம்.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. சனிக்கிழமை காலையில் அந்தப் பசங்களுக்கு நான் போன் பண்ண வேண்டியிருந்தது.

'மாஸ்ட் வளைஞ்சிடுச்சாண்ணா?'

'இல்லடா, நல்லாதான் இருக்கு.'

'அப்புறம் ஏண்ணா கொண்டு வரலை?'

'யாரும் சாகலை, அதனாலதான்' என்று சொல்ல முடியுமா? 'வண்டியில அடங்கலைடா' என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ரெண்டு பேரும் கரையில் நின்று மற்றவர்கள் ரேஸ் ஓட்டுவதைப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்தேன்.

பாய்மரம் அடுத்த வாரம் 22 அடி லாரி ஒன்றில், வேறு சரக்குகளோடு சேர்ந்து பத்திரமாக வந்து சேர்ந்தது. 22 அடி என்றால் 6.7 மீட்டர். உள்ளே முழுசாக அடங்கிவிட்டது. எவ்வளவு சிம்பிள்!

இன்னொரு விஷயமும் அப்புறம்தான் உறைத்தது. நேத்ராவும் விஷ்ணுவும் ஓட்டுகிறார்களே லேசர் வகைப் படகு, அதன் பாய்மரம் ரெண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் முழுக் கம்பம். கனடாவைச் சேர்ந்த புரூஸ் கிர்பி அதை வரைந்தபோது, கார் கூரையில் ஏற்றிக்கொண்டு போகிற படகாகத்தான் யோசித்தார். அதாவது, தண்ணீரில் எப்படிப் போகும் என்பதோடு ரோட்டில் எப்படிப் போகும் என்பதையும் சேர்த்து டிசைன் பண்ணினார். அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம கட்டுமரம்! கடலுக்குப் போகும்போது மரங்களைச் சேர்த்துக் கட்டு, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடு. கரையில் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதன் டிசைனிலேயே இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் 'உங்க மெஷினை லேப்பை விட்டு எப்படி வெளியே கொண்டு போவீங்க?' என்று ஒரு புரொஃபசர் கேட்டால் இனிமேல் சிரிக்க மாட்டேன்.

சரி, ஆரம்பத்தில் கேட்ட கணக்குக்கு வருவோம். முன்னாடி என்றீர்களா? வண்டி போச்சு. பின்னாடி என்றீர்களா? வாங்க, கை கொடுங்க. நீங்களும் என்னை மாதிரியே ஜீரோ மார்க்! 2.1 மீட்டரை எங்கேயும் நீட்டக் கூடாது என்பதுதான் விடை.

'எங்ககிட்ட படகும் இல்லை, டிரெய்லரும் இல்லை. எங்களுக்கு எதுக்குப்பா இது?' என்கிறீர்களா? கல்ச்சுரல்ஸ் மேடைக்கு பைக்கில் சவுக்குக் கட்டை கொண்டு போனதில்லையா நீங்கள்? ப்ராஜெக்டுக்கு வாங்கிய பி.வி.சி. பைப்பை ஷேர் ஆட்டோவில் நீட்டிக்கொண்டு வந்ததில்லையா? தலைவர் கட்-அவுட்டுக்கு ஏணி? ஹாஸ்டல் காலி பண்ணும்போது குட்டி யானையில் ஏற்றிய கட்டில் சட்டம்?

அடுத்த முறை ஏற்றும்போது ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. வண்டி எடுப்பதற்கு முன்னால் பத்தடி பின்னால் போங்கள். பைக் ஓட்டுகிறவன் தலை உயரத்துக்குக் குனியுங்கள். அங்கேயிருந்து உங்கள் வண்டியைப் பாருங்கள். ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், பன்ச் அடிக்க லேட்டாகிவிட்டது என்று ஓடி வருகிற ஒருவன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று பாருங்கள்.

நான் இப்போதெல்லாம் அப்படிப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை. கிளப்பில் கிண்டல்கூடப் பண்ணுகிறார்கள், 'வந்துட்டாருப்பா ஆர்.டி.ஓ.' என்று. பண்ணட்டும். குனிகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனின் குரல்தான் காதில் விழுகிறது.

'தெரியவே இல்லண்ணா.'